கோணக்கொம்புக்கு ஒரு சட்டி சக்கை

அத்தியாயம் பதினான்கு

பத்தாம் நாள் விடிந்தது. காலைக் கறவை முடிந்தது. மருமகள் தராசு வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

வெள்ளை பிளாஸ்டிக் வாளி. உள்ளே பால் எவ்வளவு நிற்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். நாலு லிட்டர் அளவில் அவளே தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். பால் அந்தக் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது.

இந்த வாளியால் அந்த வீடு இரண்டுபட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் ஏழு பசுக்கள். காலையில் வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளிக்குப் போய், மாலையில் தொழுவத்துக்குத் திரும்பும். வெயில் காலம் வந்து புல் குட்டையானதும் ஆறு பசுக்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டன. ஒரு கொம்பு வானத்தையும் ஒரு கொம்பு பூமியையும் பார்க்கும் கோணக்கொம்பு மட்டும் நாளுக்கு நாள் பாலைக் குறைத்தது. தொழுவத்தில் மாமியார் வைத்ததுதான் சட்டம். "சாப்பாட்டுக்கு முதல் ஆளு, பாலுக்குக் கடைசி ஆளு. தரகருக்குச் சொல்லி அனுப்புங்க" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மருமகள் குறுக்கே விழுந்தாள். கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் அவள். உப்பைக்கூடக் கரண்டியில் எடுத்து, மட்டம் தட்டித்தான் குழம்பில் போடுவாள். அந்த அழகைப் பார்த்து மாமியார் வைத்த பெயர்தான் தராசு. அவள் கணவன் தினமும் டவுனுக்குப் பால் கொண்டுபோய்விட்டுக் காலி வண்டியோடு திரும்பும் வழியில் ஒரு பழச்சாறு ஆலை இருந்தது. ஆரஞ்சைப் பிழிந்த சக்கை அதன் வாசலில் மலையாகக் கிடந்தது.

"புல்லுதான் சாப்பாடு. சக்கை அதுக்குத் தொட்டுக்கை. சாயங்காலம் கறந்து முடிச்சதும் ஒரு சட்டி. ஒரே ஒரு சட்டி" என்றாள் தராசு.

"பிழிஞ்சு போட்ட சக்கையில பால் வருமாக்கும்! அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே நஞ்சு. இது குப்பை" என்றார் மாமியார்.

"அதனாலதான் அத்தை, அளந்து போடுறேன்னு சொல்றேன்."

கடைசியில் பந்தயம் முடிவானது. பத்தாம் நாள் மாலைக் கறவை சிவப்புக் கோட்டைத் தொட்டால் கோணக்கொம்பு வீட்டோடு இருக்கும். தொடாவிட்டால் தரகர் அப்போதே ஓட்டிக்கொண்டு போவார். தராசு ரோஷத்தில் ஒரு படி மேலே போய், "தோத்தேன்னா தொழுவத்தைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்று வேறு சொல்லி வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவளைத் தவிர யாரும் சக்கை டிரம்மைத் தொடக் கூடாது.

"தொடுறதா? அந்த நாத்தம் பிடிச்ச டிரம் பக்கம் என் நிழல்கூட விழாது" என்று மாமியார் சொன்னதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்.

முதல் ஐந்து நாள் பால் ஏறியது. ஐந்தாம் நாள் மாலை கோட்டுக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. அன்று இரவு தராசு நிம்மதியாகத் தூங்கினாள். ஆறாம் நாளிலிருந்து பால் இறங்க ஆரம்பித்தது. ஏன் இறங்குகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"என்னம்மா தராசு, முள்ளு எந்தப் பக்கம் சாயுது?" துவைக்க வேண்டிய துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டே மாமியார் கேட்டார்.

"இன்னும் சாயங்காலம் இருக்கு அத்தை."

"இருக்கு, இருக்கு. தரகரை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அவரும் இருக்காரு."

தராசு தொழுவத்துக்குள் போனாள். கோணக்கொம்பின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் முதன்முதலாகக் கறக்க உட்கார்ந்தது இந்த மாட்டிடம்தான். பால் வாளிக்குள் விழாமல் அவள் மூக்கில் பீய்ச்சி அடித்தது. மற்ற மாடாக இருந்தால் அந்தக் கத்துக்குட்டிக் கைக்கு ஓர் உதை விட்டிருக்கும். கோணக்கொம்பு திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் கற்றுக்கொள்ளும் வரை அசையாமல் நின்றது. அந்த வீட்டில் அவளை முதலில் சேர்த்துக்கொண்ட ஜீவன் அதுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வருமா?

கீழே பார்த்தாள். சாணம் நீராக இளகிக் கிடந்தது. மருந்துக்கடைக்காரியின் மூளை உடனே விழித்துக்கொண்டது. ஒரு சட்டிச் சக்கைக்கு இப்படி ஆகாதே? மாத்திரை தப்பில்லை என்றால் அளவில்தான் தப்பு இருக்க வேண்டும்.

"அத்தை, நான் டவுன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். மத்தியானம் ஆகும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகக் கிளம்பினாள். தெருமுனை வரை போனாள். அங்கிருந்து சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, புல்வெளியின் ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். இரண்டடி தள்ளிச் சக்கை டிரம். அதை அடுத்துச் சந்துப் பக்கத்து வேலி.

ஆறு பசுக்களும் தலையைத் தரையில் புதைத்துக்கொண்டு குட்டைப் புல்லைச் சரக் சரக்கென்று இழுத்துத் தின்றன. கோணக்கொம்பு மட்டும் வேலியோரம் வந்து, வீட்டைப் பார்த்து நின்றுகொண்டது. அதன் முகத்தில் விருந்துக்கு வந்தவர்களின் பொறுமை தெரிந்தது. ஒரு வாய் புல்? ஊஹூம். குனியக்கூட இல்லை.

'மேய மாட்டேங்குதே!' தராசுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதிப் பாதி எட்டரை மணிக்குத் தலையில் ஹெல்மெட் இல்லாமல் நடந்து வந்தது.

ஹெல்மெட் அவள் கணவனின் கையில் இருந்தது, தலைகீழாக. பால்வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நேரே வந்திருக்கிறான். இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்த்தான். டிரம்மின் மூடியைத் திறந்தான். ஹெல்மெட் நிறையச் சக்கையை அள்ளிக்கொண்டு போய் மாட்டின் முன்னால் நீட்டினான்.

"சீக்கிரம், சீக்கிரம்" என்றான் மாட்டிடம். "அவ வந்தா ரெண்டு பேருக்கும் கச்சேரி. நாலு நாளா அவ தூக்கமில்லாம புரளுறா. நீ கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சு போயிடுவ?"

ஹெல்மெட் காலியானது. இன்னொரு ஹெல்மெட் அள்ளினான். அதுவும் காலியானது. இரண்டு ஹெல்மெட் ஒரு சட்டி என்று தராசு தன்னையறியாமல் மனதுக்குள் அளந்துகொண்டாள். அவன் ஹெல்மெட்டை உதறித் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தான். காதோரம் ஒரு ஆரஞ்சுத் தோல் தொங்கியதைப் பாவம், அவன் கவனிக்கவில்லை.

'மனுஷனா இவரு?' என்று அவளுக்குக் கோபம் வந்தது. 'எனக்காகத்தானே' என்று பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. மறுபடி குந்திக்கொண்டாள்.

மாமனார் வந்தார். வாயில்லாப் பூச்சி என்று பெயரெடுத்தவர். வீட்டில் அவர் குரலைவிட அவருடைய ரேடியோவின் குரலைத்தான் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். கையில் மடக்கிய குடை. குடையைப் பாதி விரித்துத் தலைகீழாகப் பிடித்து, டிரம்மிலிருந்து அரைச் சட்டியை அதற்குள் தள்ளினார். மூடிக்கொண்டு, ஊன்றிக்கொண்டு, உலாவுகிறவரைப் போல மாட்டை நோக்கி நடந்தார்.

"இந்தா, பெரியவங்களுக்கு ஒரு மரியாதைக்காவது தின்னு" என்றார். "என் பெண்டாட்டி ஜெயிச்சு முப்பது வருஷமா நான் பாத்துட்டேன். ஒரே ஒரு தடவை அவ தோக்கறதைப் பாத்துட்டா எனக்குப் போதும்."

மாடு தின்று முடித்ததும், வெயிலாக இருக்கிறதே என்று குடையை நன்றாக விரித்துத் தலைக்கு மேல் பிடித்தார். மிச்சமிருந்த சக்கை அவர் தலையிலும் தோளிலும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் அதிர்ச்சியில் மாட்டைப் பார்த்தார். மாடு எட்டி அவர் தோளையும் சுத்தம் செய்து கொடுத்தது.

தராசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தன் ஒரு சட்டி, கணவனின் ஒரு சட்டி, மாமனாரின் அரைச் சட்டி. காலையிலிருந்து நிமிர்ந்து நின்றாலே வாய்க்கு வாய் இனிப்பாக வருகிறது என்றால், எந்த மாடு குனிந்து வறட்டுப் புல்லை இழுக்கும்? சக்கை வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் புல் செய்கிற வேலையைச் சக்கை செய்யாது. தொட்டுக்கையையே சோறாகத் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? மாடு கெட்டுப்போகவில்லை. இவர்கள் எல்லோரும் சேர்ந்து செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள்.

ஓடிப்போய் மாமியாரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். உங்க பிள்ளையும் உங்க வீட்டுக்காரரும் ஆட்டத்தைக் கெடுத்துட்டாங்க, பந்தயம் செல்லாது என்று நறுக்கென்று கேட்டுவிட வேண்டியதுதான். எழுந்தாள்.

எதிரே மாமியாரே வந்துகொண்டிருந்தார், இடுப்பில் துணிக்கூடையோடு.

துணி காயப்போடும் கொடி வீட்டின் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? தராசு மூன்றாவது தடவையாகக் குந்தினாள். மாமியார் டிரம்மின் அருகில் கூடையை இறக்கினார். மேலே கிடந்த இரண்டு துண்டுகளை எடுத்து வேலியில் போட்டார். நிழல்கூட விழாது என்று சொன்ன அதே டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒன்றரைச் சட்டிக்குக் குறையாமல் அள்ளி நிரப்பினார். துண்டைப் போட்டு மூடினார். பல நாள் பழக்கம் இருந்தால் ஒழிய இந்த வேகம் வராது.

கோணக்கொம்பு கூடையைக் கண்டதும் வாலை ஆட்டியது.

"மெதுவா, மெதுவா. யாரும் பிடுங்கிக்கப் போறதில்ல" என்றார் மாமியார். தராசு இதுவரை கேட்டிராத குரல். "சாயங்காலம் அந்தக் கோட்டை எப்படியாவது தொட்டுடு, தாயே. உன்னை விக்கணும்னு நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லல. சொன்ன வாயால இல்லைன்னு சொல்ல எனக்கு வரல. அதுக்கு நீ என்ன பண்ணுவ, நான் என்ன பண்ணுவேன்?"

மாடு கூடைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

"நீ போனாக்கூட மனசைத் தேத்திக்குவேன். ஆனா அவ தோத்துட்டா வாயை மூடிக்குவாளே? சொன்னா சொன்னதுதான் அந்தக் கழுதை. இந்த வீட்ல அவரு ரேடியோகூட பேசுவாரு. இவன் வண்டிகூட பேசுவான். நான் சொல்றதை உக்காந்து கேட்டு, அது தப்பு அத்தைன்னு எடுத்துச் சொல்ல ஒருத்தி வந்து ரெண்டு வருஷம்தான் ஆவுது. அவளும் வாயை மூடிட்டா நான் யாரோட சண்டை போடுவேன், சொல்லு?"

மாடு சொல்லவில்லை. கழுதை என்று தன்னை யாராவது இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதாகத் தொட்டிக்குப் பின்னால் இருந்த தராசுக்கு நினைவில்லை.

மாமியார் போன பிறகும் அவள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது சொன்னால் மாடு பிழைக்கும். ஆண்கள் இருவரை மட்டும் காட்டிக் கொடுத்தாலும், விசாரணையில் துணிக்கூடையும் வெளியே வந்துவிடும். ஆனால் முப்பது வருடமாகச் சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் வாங்கிய மனுஷி, தரகர் முன்னால் தலை குனிந்து நிற்பார். சொல்லாவிட்டால் அந்தத் தலை நிமிர்ந்திருக்கும். மாடு போய்விடும். எந்தத் தட்டில் எதை வைப்பது என்று தெரியாமல் தராசு முதன்முறையாகத் திணறினாள்.

நாலு மணிக்கு முன்பே தரகர் வந்துவிட்டார். தோளில் ஒரு தோல் பை, கையில் புதுக்கயிறு, வாய் நிறையச் சிரிப்பு.

"நான் அப்பப்போ இந்தச் சந்து வழியா போறப்ப மாட்டை ஒரு எட்டு பாத்துட்டுத்தான் போறது. நாளுக்கு நாள் வாடிட்டே வருதும்மா. நல்ல நேரத்துல விக்கறீங்க" என்றார் மாமியாரிடம்.

"கறவை முடியட்டும்" என்றார் மாமியார். முகம் கல்லாக இருந்தது.

தராசு வாளியோடு உட்கார்ந்தாள். மாமனார் குடையைத் தூணில் சாய்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். அதுவே அந்த வீட்டில் பெரிய விஷயம். கணவன் ஹெல்மெட்டை ஜன்னல் மேல் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். துணிக்கூடை படியோரம் இருந்தது. பால் வாளிக்குள் விழ ஆரம்பித்தது.

முடிந்தது. வாளியைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். பால் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது.

"அவ்வளவுதானே?" என்று தரகர் கயிற்றைப் பிரித்தார்.

மாமனார் இருமினார். கணவன் கூரையில் எதையோ தேடினான். மாமியார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தபோது, தன் குற்றத்தால்தான் மாடு போகிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருப்பது தராசுக்குப் புரிந்தது.

அவளே போய்க் கோணக்கொம்பை அவிழ்த்தாள். "போயிட்டு வா" என்று சொல்ல நினைத்தாள். பாதிதான் வந்தது. தரகர் கயிற்றைப் போட்டு இழுத்தார். மாடு இரண்டடி நடந்தது. பிறகு வாசலை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பியது. தரகரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேரே படியோரம் போய், துணிக்கூடைக்குள் தலையை நுழைத்தது. கோணல் கொம்பில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டது. அதைச் சட்டை செய்யாமல் கூடையின் அடியைச் சத்தம் வர நக்க ஆரம்பித்தது.

"என்னது இது, துணியைப் போய் திங்குது?" என்றார் தரகர்.

மாமியாரின் முகத்தில் ஈ ஆடவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாடு தப்பிவிடும். தராசு மாமியாரைப் பார்த்தாள். பிறகு தரகரிடம் திரும்பி, "வேர்வைத் துணி. உப்பு இருக்கும். மாடு உப்புக்கு நக்கும். அவ்வளவுதான்" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"உப்பும் இல்ல, புளியும் இல்ல" என்றார் கடைசியில். "கயித்தை அவுருய்யா. பந்தயம் செல்லாது."

"ஏம்மா?"

"ஆட்டத்துல ஒரு ஆளு கள்ளத்தனம் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"நான்தான். கோட்டுக்கு ஒரு விரற்கடைதான் பாக்கின்னு பாத்ததிலேருந்து தினம் ஒரு கூடை சக்கை நான் போட்டேன். போதுமா? இன்னும் தெருவுல நின்னு கத்தணுமா?"

மருமகள் தலை குனிந்து புன்னகையை மறைத்தாள். மாமனாருக்கு எங்கிருந்தோ வீரம் பிறந்தது. "நீயுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீயுமான்னா? வேற யாரு?"

கோணக்கொம்புக்குச் சாட்சி சொல்வதில் ருசி வந்துவிட்டது போலிருந்தது. கூடையை முடித்துக்கொண்டு தூணுக்குப் போய்க் குடையின் மடிப்புக்குள் நாக்கை விட்டது. மாமனார் ரேடியோவைப் போட்டார். மாடு அங்கிருந்து ஜன்னலுக்குப் போய், ஹெல்மெட்டைத் தள்ளி, உருண்ட ஹெல்மெட்டைத் துரத்திப் பிடித்து நக்கியது.

"டேய்!" என்றார் மாமியார்.

"ரெண்டே ரெண்டு ஹெல்மெட்தாம்மா" என்றான் மகன்.

ஹெல்மெட்டிலிருந்து மாடு தரகரிடம் வந்தது. அவருடைய தோல் பைக்குள் மூக்கை விட்டு இழுத்து இழுத்து மோந்தது. "ச்சீ, போ" என்று அவர் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார். புது ஆள் வாசனை போலிருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"நாளையிலேருந்து புதுசா பத்து நாள். இவ போடுற ஒரு சட்டி மட்டும். மாடு ஒழுங்கா மேயட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்று மாமியார் தீர்ப்பை மாற்றி எழுதினார்.

"உங்க இஷ்டம். நான் எப்பவும்போல போற வழியில ஒரு எட்டு பாத்துக்கறேன்" என்று தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். சிரிப்பு வந்தபோது இருந்ததில் பாதிதான் இருந்தது.

அவர் தலை மறைந்ததும் மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ டவுனுக்குப் போகல."

"போகல அத்தை."

"நான் மாட்டுக்கிட்ட பேசினதைக் கேட்ட."

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"ஒன்றரைச் சட்டி இருக்கும்."

மாமியார் விறைப்பாக நிற்கப் பார்த்தார். முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கழுதை" என்றார். தராசு கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு வருடத்தில் அவர்கள் சண்டையில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. வசதியாகத்தான் இருந்தது.

"சரி, இவ்வளவு சக்கை போயிருக்கு. டிரம் குறையறது எனக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்று தராசு கணவனைக் கேட்டாள்.

"குறையறது தெரியக்கூடாதுன்னு நான்தான் தினம் ஆலையிலேருந்து கொண்டுவந்து ரொப்பி வச்சேன். அஞ்சு சட்டி."

"அஞ்சா? நீங்க போட்டதே ஒரு சட்டிதானே?"

"மீதி நாலை நீ போடுறேன்னு நினைச்சேன். ஒரு சட்டின்னு சொல்லிட்டு நாலு போடுறியேன்னு கேட்டா உதை விழும். அதான் கேக்கல."

தராசு விரலை மடக்கினாள். தன்னுடையது ஒன்று. கணவனுடையது ஒன்று. மாமனார் அரை. மாமியார் ஒன்றரை. ஆக மொத்தம் நாலு. மறுபடி மடக்கினாள். மறுபடியும் நாலுதான் வந்தது.

"அத்தை, கணக்கு உதைக்குது. ஒரு சட்டி இடிக்குது. வேற யாரோ போடுறாங்க."

"வேற யாரு? டிரம் சந்துப் பக்கம் வேலியோரம்தான் இருக்கு. யாரு வேணும்னாலும் கையை விடலாம். ஆனா அள்ளிப் போட்டா மாடு மேயாது, பால் இறங்கிடும்னு தெரிஞ்சவன் எவன் வந்து..."

மாமியார் பாதியில் நிறுத்தினார். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடை, குடை, ஹெல்மெட். கோணக்கொம்பு நாலாவதாக எங்கே போய் நின்றது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"அந்தத் தோல் பை" என்றாள் தராசு.

மாமியார் வாசலைப் பார்த்தார். தரகர் போன தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. மாமியார் மாட்டின் கொம்பில் மாட்டியிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு எட்டு பாக்க வருவேன்னுதானே சொல்லிட்டுப் போனான்? வரட்டும். நீ எங்க ஒளிஞ்சிருந்த, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலயா?"

"ஆமா அத்தை."

"ரெண்டு பேர் உக்கார இடம் இருக்குமா?"